இதை முடிச்சிட்டுப் போ

பிப்ரவரி 12

அக்காவுக்கு,

மணிக்கூண்டுக் கடிகாரம் ஓடுகிறது. பேருந்திலிருந்து இறங்கியதும் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். ‘எங்கள் ஊரில் எப்போதும் ஒன்பது இருபதுதான், அதனால் இங்கே யாருக்கும் வயதாவதில்லை’ என்று நீ கடிதம் தவறாமல் எழுதுவாய். நின்றுபோன அந்தக் கடிகாரத்தைப் பார்த்து உன்னோடு சேர்ந்து சிரிக்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். அது என் கைக்கடிகாரத்தைவிடச் சரியாக ஓடிக்கொண்டிருந்தது.

உன் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. ‘கப்பல் துணிகள் சலவை செய்து தரப்படும்’ என்ற பலகைக்குக் கீழே மாமாவின் மூன்று சக்கர வண்டி நின்றிருந்தது. வண்டி இருக்கிறதே, எல்லாரும் வீட்டில்தான் இருப்பார்கள் என்று நினைத்துக் கதவைத் தட்டினேன். உன் மாமியார் திறந்தார். இரண்டு கையும் முழங்கை வரை நீலமாக இருந்தன.

“அடடே, சின்னவளா! உங்க அக்கா அவனோட வெளிய போயிருக்காளேம்மா. சாயங்காலம்தான் வருவாங்க. தங்கச்சி வந்தா ஊரைச் சுத்திப் பார்க்கச் சொல்லுங்கன்னு சொல்லிட்டுத்தான் போனா.”

இரண்டு பன்னைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வராது என்பது உனக்குத் தெரியும்.

அப்புறம் நடந்தேன். வேறு என்ன செய்வது?

கயிற்றுக் கடைத் தெருவில்தான் முதலில் நுழைந்தேன். ஆள் உயரத்துக்குக் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டி வைத்திருந்தார்கள். தெரு முழுக்கத் தார் வாசனை. ஒரு கடைக்காரர் சுருளுக்கு உள்ளே உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். தலை மட்டும்தான் தெரிந்தது. அதைத் தாண்டினால் பெயின்ட் கடைகள். படகுக்கு அடிக்கிற பச்சையையும் நீலத்தையும் வாசல் சுவரிலேயே பட்டை பட்டையாகத் தீட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சுவர்தான் அந்த ஊரிலேயே அழகு. படகுத்துறையில் ஒருவர் பலகை ஊஞ்சலில் தொங்கிக்கொண்டு ஒரு கப்பலின் துருவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒரே தாளம். நான் அலைதடுப்புச் சுவரின் நுனி வரை போய்த் திரும்பி வந்தபோதும் அதே இடத்தில் தட்டிக்கொண்டிருந்தார். மீன் ஏலக் கொட்டகையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஆள் யாருமில்லை, பூனைகள் மட்டும் ஏலத்துக்கு வந்தவர்கள்போல வரிசையாக உட்கார்ந்திருந்தன. கலங்கரை விளக்கம் பூட்டிக் கிடந்தது. நீயும் மாமாவும் மேலே ஏறி நின்றதாக எழுதியிருந்தாயே, அந்தப் பூட்டைப் பார்த்தால் பல வருடமாகத் திறந்ததுபோல் தெரியவில்லை.

பச்சை பெஞ்சு போட்ட பூங்காவையும் தேடினேன். தினமும் மாலையில் அங்கே உட்கார்ந்து பாட்டுக் கேட்போம் என்று எழுதியிருந்தாய். எனக்குத் தென்படவில்லை. பாட்டு மட்டும் கேட்டது. அது அக்கரைக்குப் போகும் படகின் டிக்கெட் கொடுக்கிற இடத்தில் உள்ள ஒலிபெருக்கி. ஒரு பாட்டு போட்டுவிட்டு, படகு கிளம்பப் போகிறது என்று சொல்கிறார்கள். அப்புறம் சதுக்கத்துச் சிலை. ‘கப்பல்களுக்குக் கையசைத்து வழியனுப்புகிற பெரியவர்’ என்று எழுதியிருந்தாய். அவர் யாருக்கும் கையசைக்கவில்லை, அக்கா. வெயில் கூசுகிறதென்று நெற்றியில் கை வைத்து மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

ஊர் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றையும் பார்த்ததும் ‘ஏய், அங்க பாரேன்’ என்று சொல்லத் திரும்பினேன். திரும்பின இடத்தில் நீ இல்லை. மணிக்கூண்டுக்கு அடியில் இருக்கும் டீக்கடைக்காரர், “என்னம்மா, யாரையாவது தொலைச்சிட்டியா? கப்பல்ல வர்றவங்ககூட இந்தச் சுத்து சுத்த மாட்டாங்க” என்றார். தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

மாலையில் மறுபடி உன் வீட்டுக்கு வந்தேன். “இன்னும் வரலையேம்மா, உனக்குக் கடைசி பஸ் போயிடப்போகுது” என்றார் அத்தை. அம்மா உனக்காகத் தைத்த நீலச் சட்டையை நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடந்து, திரும்ப இங்கேயே கொண்டுவந்துவிட்டேன். அதன் பொத்தான்களுக்குக் காஜா எடுத்தவள் நான். வா என்று கூப்பிட்டவள் நீ. இதற்குமேல் எழுத எனக்கு வரவில்லை.

தங்கை


பிப்ரவரி 17

அடி ஊமைச்சி,

நேரில் வாயைத் திறக்க உனக்கு நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டும். கடிதத்தில் மட்டும் இத்தனை பக்கம் சண்டையா? கோபித்துக்கொள்ளாதே. மாமாவின் கூட்டாளி வீட்டில் திடீரென்று கூப்பிட்டுவிட்டார்கள். தட்ட முடியவில்லை. அவர்கள் வண்டி அனுப்பியதால் நம் வண்டியை வீட்டிலேயே விட்டுப் போனோம். போனில் சொல்லியிருக்கக் கூடாதா என்று அம்மா கேட்டாளாம். வீட்டில் இருப்பது ஒரே போன். கப்பல்காரர்கள் எப்போது கூப்பிடுவார்களோ என்று அத்தை அதை இடுப்பிலேயே செருகி வைத்திருக்கிறார். அதை வாங்கி நான் என்ன பேசுவது?

கடிகாரத்தைச் சமீபத்தில்தான் பழுது பார்த்தார்கள். பூங்காவில் ஏதோ வேலை நடக்கிறது, பெஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். கலங்கரை விளக்கத்துக்கு மாமாவுக்குத் தெரிந்தவர் சாவி கொடுப்பார். நீ வேறு ஏதோ சிலையைப் பார்த்திருப்பாய். ஒரு நாள் நடந்துவிட்டு ஊரை எனக்கே சொல்லித் தர வந்துவிட்டாயாக்கும்.

நல்ல செய்திக்கு வருகிறேன். அத்தைக்கு உன்னை ரொம்பப் பிடித்துவிட்டது. “அதிர்ந்து பேசாத பொண்ணு, நம்ம வீட்டுக்குத் தோதா இருக்கும்” என்றார். நீ இங்கேயே வந்து எங்களோடு இருப்பதைப் பற்றி அம்மாவுக்கும் எழுதிவிட்டேன். அடுத்த மாதம் வந்துவிடு. அங்கே உனக்கு என்ன இருக்கிறது? அம்மாவின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுத்து எடுத்துக் கண் குழி விழுந்துவிட்டது. என் கல்யாணத்தோடு உன் படிப்பு நின்றது. வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று அம்மா நிறுத்தினாள். அதை நீ வாய்விட்டுச் சொல்ல மாட்டாய், ஆனால் உள்ளே வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதற்கு நான் செய்கிற நல்லது என்று வைத்துக்கொள். சலவை வேலை சுலபம். மாலையில் இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம்.

சட்டையைப் பத்திரமாக வை. வரும்போது கொண்டு வா.

உன் வாயாடி அக்கா


பிப்ரவரி 22

அக்காவுக்கு,

போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். நீயாகச் சொல்வாய் என்று விட்டேன். நீ சொல்லவில்லை.

அன்றைக்கு பஸ்ஸுக்கு முன்னால் மணிக்கூண்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். டீக்கடைக்காரர் தண்ணீர் தெளித்துக் கூட்டிக்கொண்டிருந்தார். நாள் முழுக்க யாரிடமும் வாய் திறக்காத நான் அப்போது கேட்டுவிட்டேன், “அண்ணே, இந்தக் கடிகாரத்தை எப்ப ரிப்பேர் பண்ணாங்க?”

“ரிப்பேரா? இது நின்னாத்தானேம்மா ரிப்பேர் பண்ண. அந்தப் பின்பக்க முகம் மட்டும்தான் செத்துக் கிடக்கு. நான் கடை போட்ட நாள்லேர்ந்து அப்படித்தான். அந்தப் பக்கம் மணி பார்க்க யாரு இருக்கா, சலவைக்காரங்க வீட்டைத் தவிர?”

எழுந்து சுற்றிக்கொண்டு போனேன். அந்தப் பக்கத்து முகத்தில் ஒன்பது இருபது.

அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அது பார்க்கிற திசையில் நானும் பார்த்தேன். உன் வீட்டின் மூன்றாவது மாடி. ஒரே ஜன்னல். அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அந்த ஜன்னலுக்குச் சிலையின் முதுகுதான் தெரியும். முதுகுப் பக்கமிருந்து பார்த்தால் அந்தக் கை அசைப்பதுபோலத்தான் இருக்கிறது. படகுத்துறைப் பாட்டும் அங்கே கேட்கும். கலங்கரை விளக்கத்தின் தலையும் தெரியும், பூட்டுத் தெரியாது.

ஜன்னலில் ஒரு கை துணிமேல் தண்ணீர் தெளித்தது. உதறிவிட்டுத் தெளிக்கிற அந்தக் கையை எனக்குத் தெரியாதா? நான் என் கையை உயர்த்தினேன். அந்தக் கை உள்ளே போய்விட்டது. ஜன்னல் கதவு சாத்திக்கொண்டது.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் என் துணிமணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். அக்கா, ஒன்று மட்டும் கேட்கிறேன். கயிற்றுக் கடைத் தெருவை நீ பார்த்திருக்கிறாயா? ஒரு நாளாவது?

தங்கை


மார்ச் 1

அடியே,

ஜன்னலில் நின்றது நான்தான். காலையிலிருந்தே உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போதுமா?

நீ வருவதற்கு முந்தின நாள் ஒரு கப்பல் வந்துவிட்டது. அது மறுபடி கிளம்புவதற்குள் அத்தனை விரிப்பும் உறையும் போய்ச் சேர வேண்டும். ‘தங்கச்சி எங்க ஓடிடப்போறா, இதை முடிச்சிட்டுப் போ’ என்றார் அத்தை. கீழே இறங்கி வந்து உன்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசினால் நீ மேலே வருவாய். வந்தால் இந்த அறையைப் பார்ப்பாய். பார்த்தால் இங்கே வந்து இருக்கச் சம்மதிக்க மாட்டாய். வெளியே போயிருக்கிறேன் என்று சொல்லச் சொன்னதே நான்தான். அத்தைக்கு அப்படிப் பொய் சொல்ல மனமில்லை. நான்தான் கெஞ்சிச் சொல்ல வைத்தேன்.

என்னை யாரோ பூட்டி வைத்திருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு அழாதே. இங்கே கதவு திறந்துதான் இருக்கிறது. அடிக்க மாட்டார்கள், திட்ட மாட்டார்கள், நீ எழுதும் கடிதத்தைக்கூடப் பிரிக்காமல் கையில் கொடுப்பார்கள். கடைவீதிக்குப் போகட்டுமா என்று கேட்டால் அத்தை என்ன சொல்வார் தெரியுமா? “போயிட்டு வாயேன், யாரு வேண்டாங்கிறா? இதை முடிச்சிட்டுப் போ.” அந்த ‘இது’ எது என்று நான்கு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு கப்பல் விரிப்பு முடிகிறபோது அடுத்த கப்பல் ஊதுகிறது. மாமாவைக் கேட்டால் “அடுத்த வாரம் கண்டிப்பா” என்பார். மனதாரத்தான் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிடுவார். யார்மீது கோபப்படுவது? ஒரு கெட்டவர்கூட இல்லாத வீட்டில் மாட்டிக்கொண்டால் ஊரார் காதில் என்னவென்று போட்டு அழுவது?

இந்த ஊரில் நான் நடந்தது கல்யாணமான அன்று, பேருந்து நிலையத்திலிருந்து இந்த வாசல் வரைக்கும். அதுவும் புதுப்பெண்ணாகக் குனிந்த தலையோடு. உனக்கு எழுதியதில் பாதி ஜன்னலில் தெரிந்தது, கொஞ்சம் மாமா சொன்னது, மீதி நானாகக் கட்டியது. இப்போது எது எது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. அந்தப் பச்சை பெஞ்சு என் கண்ணுக்குள் இருக்கிறது. அதன் ஒரு கால் ஆடும்.

உன்னை எதற்காகக் கூப்பிட்டேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். நான்கு கை இருந்தால் வேலை முடியும். இன்று நான் கீழே போகலாம், நாளை நீ போகலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் ‘இன்று நான்’ என்கிற இடத்திலேயே என் நினைப்பு இறங்கிப் போய்விடும். ‘நாளை நீ’ வரைக்கும் வந்ததே இல்லை.

அன்று உன்னை ஜன்னலிலிருந்து பார்த்தபோது எனக்குப் பாசம் பொங்கவில்லை. ஒரு பொட்டலத்தை ஆட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல், சதுக்கத்தில் இங்கே கொஞ்சம் நின்று, அங்கே கொஞ்சம் நின்று, சிலையை அண்ணாந்து பார்த்து... எனக்கு வயிறு எரிந்தது. இஸ்திரிப் பெட்டியை ஒரே இடத்தில் வைத்துவிட்டேன். வெள்ளை விரிப்பில் முக்கோணமாகக் கருகிவிட்டது. அத்தை கருகல் உள்ளே போகும்படி மடித்துவிட்டு, அடுத்த விரிப்பை எடுத்துக் கொடுத்தார்.

மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. வருவதானால் வா. வராவிட்டால் அம்மாவிடம் நீயே சொல்லிக்கொள், உன்னால் முடிந்தால். இந்த வயது வரை உன் வாயிலிருந்து ‘மாட்டேன்’ என்று ஒரு சொல் வந்ததில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோதே வரவில்லை. இனிமேலா வரப்போகிறது?

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

நீ சொன்னது சரிதான். உன் கடிதம் வந்த அன்று அம்மாவிடம் ‘மாட்டேன்’ என்று சொல்லப் போனேன். “அம்மா” என்றேன். “என்னடி?” என்றாள், மிஷினை நிறுத்தாமல். “நூல் தீர்ந்துபோச்சு” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நூல்கண்டு என் மடியிலேயே இருந்தது.

அங்கே வந்து இருக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் நீ ஜன்னலில் நின்று என்னைப் பார்த்து வயிறெரிந்தாய் என்பதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. என்மேல் யாரும் இதுவரை பொறாமைப்பட்டதில்லை. அது உன்னிடமிருந்தா வர வேண்டும்?

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அன்று ஒரு நாள் மட்டும். உன் இஸ்திரிப் பெட்டியை நான் பிடிக்கிறேன். நீ கீழே இறங்கிப் போ. அத்தையிடம் நானே சொல்கிறேன். எப்படிச் சொல்வேன் என்று இன்னும் தெரியவில்லை, வழியில் யோசித்துக்கொள்கிறேன்.

வாசலில் இறங்கி இடது பக்கம் திரும்பு. மணிக்கூண்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனால் சரியான நேரம் தெரியும். முதலில் கயிற்றுக் கடைத் தெரு, அப்புறம் பெயின்ட் சுவர். படகுத்துறையில் துரு தட்டுகிறவர் இருந்தால் கொஞ்ச நேரம் நின்று பார். கலங்கரை விளக்கத்துக்குப் போய் ஏமாறாதே. டீக்கடைக்காரர் ஏதாவது கேட்டால் நீ பதில் சொல்லலாம், உனக்குப் பேச வரும். பெஞ்சு இல்லை, அலைதடுப்புச் சுவரில் உட்காரலாம்.

கடைசி பஸ்ஸுக்கு முன்னால் வந்துவிடு. நான் இங்கே திரும்ப வேண்டும்.

தங்கை


மார்ச் 14

ஊமைச்சி,

இந்தத் தாளின் மேலே புது விலாசம் இருக்கிறது. அக்கரையில் படகு கட்டும் இடத்துக் கேன்டீன். தட்டுக் கழுவுகிறேன். கழுவுகிற இடத்துக்கு ஜன்னலே இல்லை. அது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

அன்று நீ அத்தையிடம் “அக்கா இன்னைக்கு வெளிய போறா, அத்தை, நான் முடிக்கிறேன்” என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். உன் காது இரண்டும் சிவந்து கிடந்தன. மாமா வழிச்செலவுக்கென்று என் கையில் பணத்தைத் திணித்து, “நல்லா சுத்திட்டு வா” என்றார். நான்கு வருடத்தில் அது அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது. அந்த எரிச்சலோடுதான் படி இறங்கினேன். நீ கொண்டுவந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். கழுத்துக் காஜா இறுக்கம்.

நீ எழுதிய வழியிலேயே நடந்தேன். கால் வலித்தது, தெருவில் நடந்து பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. கயிற்றுச் சுருளுக்குள் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர் இருந்தார். “என்னம்மா வேணும்?” என்றார். “பார்க்கணும்” என்றேன். “பாரு, பார்க்கிறதுக்குக் காசு இல்லை” என்று சிரித்தார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பெயின்ட் சுவரைத் தொட்டேன், கையில் பச்சை ஒட்டிக்கொண்டது. ஏலக் கொட்டகையில் உன் பூனைகளைப் பார்த்தேன். சிலையை முன்பக்கம் போய்ப் பார்த்தேன். நீ எழுதியது நிஜம். அந்த ஆளுக்கு வெயில்தான் கூசுகிறது. நான்கு வருடம் எனக்குக் கையசைத்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான், தெரியுமா? அதையும் நீ விட்டுவைக்கவில்லை.

டீ குடித்தேன். அலைதடுப்புச் சுவரில் உட்கார்ந்தேன். திரும்பி வரத்தான் கிளம்பினேன், இதை நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. வழியில் அந்த ஒலிபெருக்கியில் பாட்டு முடிந்தது. மேலே ஜன்னலில் பாட்டு மட்டும்தான் எனக்குக் கேட்கும். அதற்குப் பிறகு சொல்வதைக் காற்று கொண்டுபோய்விடும். அன்றுதான் அதை முழுதாகக் கேட்டேன். “இன்னும் ஏறாதவர்கள் ஏறிக்கொள்ளவும்.” தினமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஏறிக்கொண்டேன்.

நீ அங்கே நின்றுகொண்டிருப்பாய் என்று தெரியும். தெரியாமல் ஏறினேன் என்று எழுதினால் அது இன்னொரு பச்சை பெஞ்சு. படகு நகரும்போது நம் ஜன்னலைத் தேடினேன். கடலிலிருந்து பார்த்தால் அது தெரிவதே இல்லை.

அத்தை நல்லவர். மாமா சாது. உனக்குப் பழகிவிடும். நீ எதையும் கேட்காதவள், அதனால் உனக்கு என்னளவுக்குக் கஷ்டமாக இருக்காது. என்மேல் கோபம் இருந்தால் எழுது. கோபத்தையாவது எழுது.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

உன் இஸ்திரி மேசையில், ஜன்னல் ஓரத்தில், ஒரு பள்ளம் இருக்கிறது. முழங்கை ஊன்றி ஊன்றி விழுந்த பள்ளம். முதல் நாளே என் முழங்கை அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அளவெடுத்ததுபோலப் பொருந்துகிறது.

அன்று நீ வராததைப் பார்த்து மாமா பேருந்து நிலையம், படகுத்துறை எல்லாம் தேடிவிட்டு வந்தார். “வருவா, எங்க போயிடப்போறா” என்றார். உன் கடிதம் வந்த பிறகு நீ அக்கரையில் இருக்கிறாய் என்று மட்டும் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “வெளிய போகணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனேம்மா.” நீ நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் ஒரு கப்பல் ஊதியது. அவர் எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அத்தை உன்னைப் பற்றி ஒரு சொல்கூடத் தவறாகப் பேசவில்லை. எனக்குப் பாயும் தலையணையும் புதிதாகக் கொடுத்தார். மறுநாள் காலை, “நான் ஊருக்குப் போகணும் அத்தை” என்றேன். “போயிட்டு வாயேன்டி, யாரு பிடிச்சு வெச்சிருக்கா? இதை முடிச்சிட்டுப் போ.” அடுத்த நாளும் கேட்டேன். அதற்கு அடுத்த நாளும். நீ சொன்னதைப் படித்தபோது மிகைப்படுத்துகிறாய் என்று நினைத்தேன்.

அம்மா போனில் கூப்பிட்டாள். அத்தையே போனை இடுப்பிலிருந்து எடுத்து என் காதில் வைத்தார். “பெரியவ தலைகுனிய வெச்சிட்டா. அவ திரும்பி வர்ற வரைக்கும் நீயாவது அங்க இருந்து மானத்தைக் காப்பாத்து. என்னடி, கேக்குதா?” என்றாள். “கேக்குதும்மா” என்றேன். கேட்டது என்றுதான் சொன்னேன். அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

உன்மேல் கோபம் இருக்கிறது. கோபத்தையாவது எழுது என்றாய், எழுதுகிறேன். நான் உனக்கு ஒரு நாளைக் கொடுத்தேன். நீ மிச்ச நாட்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாய். வழியையும் நானே எழுதிக் கொடுத்தேன். காஜா இறுக்கம் என்று குறை வேறு.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. நேற்று அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘கவலைப்படாதே, இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. மாலையில் நல்ல பாட்டுக் கேட்கிறது. எங்கள் ஊரில் எப்போதும் ஒன்பது இருபதுதான்’ என்று எழுதியிருந்தேன். எழுதும்போது தெரியவில்லை. மடிக்கும்போதுதான் படித்தேன். முன்பக்கக் கடிகாரம் ஓடுவதைக் கண்ணால் பார்த்தவள் நான். டீக்கடைக்காரரைக் கேட்டவளும் நான். பத்து நாளில் அதை மறந்துவிட்டு உன் கையெழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அத்தை படியேறி வரும் சத்தம் கேட்கிறது. மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

அதே நாள், மாலை

மணிக்கூண்டுக்கு அடியில், முன்பக்கம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். டீக்கடைக்காரர் பேனா கொடுத்தார். என்னுடையது மேலேயே இருந்துவிட்டது.

அத்தை ஒரு மூட்டையை இறக்கி வைத்தார். மூச்சு வாங்கியது அவருக்கு. வழக்கம்போல ஒரு விரிப்பை உதறி மேசைமேல் போட்டார். நான் பாதி வரை தேய்த்தேன். படகுத்துறையில் பாட்டு ஆரம்பித்தது.

“நான் ஊருக்குப் போறேன் அத்தை.”

“போயிட்டு வாயேன்டி. இதை மட்டும் முடிச்சிட்டு...”

“மாட்டேன்.”

அவ்வளவு சத்தமாக வரும் என்று நான் நினைக்கவில்லை. அத்தை என்னையே பார்த்தார். கோபமாக இல்லை. இப்படி ஒரு பதில் இருப்பதே அவருக்குத் தெரியாது என்பதுபோலப் பார்த்தார். “பாதிதானேம்மா இருக்கு” என்றார்.

விரிப்பின் மறுபாதி சுருங்கியபடியே கிடந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, பிளக்கைப் பிடுங்கினேன். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.